செப்பேட்டின் பின்பக்கம்

ஒரே சொல்லுக்குக் கையெழுத்துப் போடும்போது ஒரு பொருள், கழுத்தைப் பிடிக்கும்போது இன்னொரு பொருள் என்று வைத்திருக்கிறாயே, உன்னைத்தான் சொல்கிறேன். முகத்தைத் திருப்பாதே, கதையைக் கேள்.

வெகுகாலத்துக்கு முன் எரியூர் நாட்டை வீரகங்கன் என்ற ராஜா ஆண்டான். காலையில் கொடுத்ததை மாலையில் பிடுங்குகிற ரகம். அங்கே பூமியிலிருந்து கறுப்பாய்க் கெட்டி எண்ணெய் ஊறும். அதை இறுக்கி மூடிச் சுட்டால் கெட்டி உடைந்து, விளக்கெரிக்கும் மெல்லிய எண்ணெய் பிரியும். அப்படிக் ‘கலத்தில் அடைத்துச் சுடும்’ உரிமை தமக்கு மட்டுமே என்று அரசவைப் பிரதானி சேனாதிராயர் செப்பேடு வாங்கி வைத்திருந்தார்.

செங்கமலம் என்றொருத்தி கலமே இல்லாமல் சுட்டாள். நீளமான செப்புக் குழாயை நெருப்புக்குள் சுருட்டி வைத்து, எண்ணெயை அதில் ஓடவிட்டாள். ராயருக்குக் கிடைத்ததைவிட இரட்டிப்பாக மெல்லிய எண்ணெய் இறங்கியது. அவருக்குப் பொறுக்குமா? எண்ணெயைத் தாங்குவதெல்லாம் கலம், குழாயும் கலம்தான் என்று வழக்குப் போட்டு அவள் உலைக்கு முத்திரை வைத்தார். ஏழு முறை அவைக்கு நடந்தாள். ஏழு முறையும் ராஜா கொட்டாவி விட்டான். எட்டாம் முறை, சரி, குழாயும் கலமே, பொழுது சாய்வதற்குள் உலையை இடித்துவிடுங்கள் என்றான்.

செங்கமலம் அழவில்லை. "தீர்ப்பு தலைமேல் சாமி. அந்தச் செப்பேட்டின் பின்பக்கத்தையும் ஒருதரம் வாசிக்கச் சொல்லுங்கள்" என்றாள்.

அதை அன்றுவரை அவையில் ஒருவரும் திருப்பிப் பார்த்ததில்லை. எழுத்தர் வாசித்தார்: இம்முறையால் நாட்டில் எங்கே தீப்பிடித்தாலும், யார் சுட்டிருந்தாலும், உரிமையாளரே பொறுப்பு.

"போன வாரம் துறைமுகத்தில் எவனோ குழாயில் எண்ணெய் சுட்டு, தங்கள் உல்லாசப் படகு எரிந்ததே" என்றாள் அவள். "சுட்டவன் கப்பலேறி ஓடிவிட்டான். ஆனால் குழாயும் ராயருடைய கலம்தான் என்று இப்போதுதானே தீர்ந்தது."

ராஜாவின் மீசை துடித்தது. "ராயரே, என் படகு?"

ராயருக்கு வேர்த்துவிட்டது. "மகாராஜா, கலம் என்றால் எண்ணெய் அசையாமல் கிடக்கிற பானை. ஓடுகிற குழாய் எப்படிக் கலமாகும்? குழந்தைக்குக்கூடத் தெரியுமே."

"அதைத்தான் ஐயா நானும் நடையாய் நடந்து சொன்னேன்" என்றாள் செங்கமலம். "எழுத்தரே, ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்."

அவையே சிரித்தது. ராஜாவுக்கும் அடக்க முடியவில்லை. தன் முத்துமாலையைக் கழற்றி அவளுக்குக் கொடுத்தான். உலையின் முத்திரையை ராயரே தம் கையால் உடைக்க வேண்டும், அதை ஊர் நின்று பார்க்க வேண்டும் என்றான்.

ராயராவது ஒருநாள் இறங்கி வந்தார். நீ எப்போது வருவாய்? நம் ஒப்பந்தத்தில் நீ உன் வசதிக்கு வளைக்கும் அந்த ஒரு சொல்லுக்கு ஒரே பொருளை எழுதிக் கையெழுத்திடு. என் பட்டறைக்கு நீ போட்ட பூட்டை இன்றே திற.