சாதகமாகப் பரிசீலித்த மயில்

ஒரு காட்டில், பாடவே தெரியாத மயில் ஒன்று இசைப் பள்ளிக்குத் தலைவராக இருந்தது. சிரிக்காதீர்கள், குழந்தைகளே. தோகை நீளமாக இருந்துவிட்டால் குரலை யாரும் கேட்பதில்லை. அந்தக் காட்டிலும் யாரும் கேட்கவில்லை.

அது சாதாரணப் பள்ளி அல்ல. ஆரம்பப் படிப்பை முடித்த பறவைகள் மேற்படிப்புக்கு வரும் இடம். பெரிய ஆலமரத்தில், விடியற்காலையில் பாடம் தொடங்கிவிடும். பறவைகள் இரை தேடும் நேரமும் அதுதான். பாடத்துக்கு வந்தால் பட்டினி. இரைக்குப் போனால் பாடம் போச்சு.

இதைக் கேட்டு மனம் இரங்கிய யானையும் கரடியும் மான்களும் சேர்ந்து, ஆண்டுதோறும் ஆலமரப் பொந்து நிறையத் தினை கொண்டுவந்து கொட்டின.

"படிக்கிற பிள்ளைகள் பசியோடு பாடக் கூடாது" என்றது யானை.

யானைக்கு நல்ல மனசு. கொட்டிய தினை யார் வயிற்றுக்குப் போகிறது என்று திரும்பிப் பார்க்கும் வழக்கம்தான் அதற்கு இல்லை.

மயில் ஒரு மரங்கொத்தியைக் கூப்பிட்டு, மரம் மரமாகத் தட்டி அறிவிக்கச் சொன்னது.

"மேற்படிப்புக்கு வரும் பறவைகளே! தகுதி உள்ளவருக்கு ஒரு பங்கு தினை! வசதி இல்லாதவருக்கு ஒரு பங்கு! பள்ளியில் வேலை செய்துகொண்டே படிப்பவருக்கு ஒரு பங்கு! வாருங்கள், வாருங்கள்!"

அதைக் கேட்டு ஒரு வானம்பாடி வந்தது. புல்வெளியில் பிறந்த சின்னப் பறவை. நல்ல குரல். சூதுவாது தெரியாது. அந்த ஆண்டு மழை பெய்யவில்லை. புல்லில் விதையும் பிடிக்கவில்லை. தினை கிடைத்தால் அது படிக்கலாம். கிடைக்காவிட்டால் பாட்டை மூட்டை கட்டிவிட்டு, இரை தேடி வேறு காட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"ஐயா, எனக்கும் தினை தருவீர்களா?" என்று கேட்டது வானம்பாடி.

மயில் தோகையை ஒரு முறை விரித்து மடக்கியது.

"உன் கோரிக்கையைச் சாதகமாகப் பரிசீலிக்கிறோம்" என்றது.

பக்கத்துக் கிளையில் இருந்த ஓணான் தலையை ஆட்டியது. ஓணான்தான் பள்ளியின் செயலாளர். மயில் எதைச் சொன்னாலும் தலையாட்டுவது அதன் வேலை. வேறு வேலை கொடுத்தால் செய்யத் தெரியாது.

இங்கேதான் வானம்பாடி ஏமாந்தது. பாடுகிறவர்கள் விடியலுக்கு முன் எழுந்து குரலைப் பழக்குவார்கள் அல்லவா? அதற்குச் சாதகம் என்று பெயர். பாவம், அந்தப் பறவைக்குத் தெரிந்த சாதகம் அது ஒன்றுதான்.

'நன்றாகச் சாதகம் செய், அதைப் பார்த்துவிட்டுத் தினை தருகிறோம் என்கிறார்' என்று அது நினைத்துக்கொண்டது. மறுநாளே சேவலுக்கு முன்னால் எழுந்து பாடத் தொடங்கியது. வெறும் வயிற்றோடு பாடியது. சில நாள் கழித்து மயிலிடம் போய்த் தயங்கி நின்றது.

"ஐயா, சாதகம்...?"

"எல்லாம் சாதகமாகத்தான் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் பொறு" என்றது மயில், அலகில் ஒட்டியிருந்த தினையைத் துடைத்துக்கொண்டே. ஓணான் தலையை ஆட்டியது.

இன்னும் கொஞ்சம் செய்யச் சொல்கிறார் என்று வானம்பாடிக்கு ஒரே சந்தோஷம். காலையில் செய்தது போதாதென்று மாலையிலும் செய்தது. விலா எலும்பு தெரிந்தது. அதோடு சேர்ந்த மற்ற பறவைகள் ஒவ்வொன்றாகப் படிப்பை விட்டுப் பறந்துபோயின. அவை கெட்டிக்காரப் பறவைகள்.

ஒரு நாள், மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடும் காகம் அந்தப் பக்கம் வந்தது.

"ஏண்டியம்மா, தின்னாமல் கொள்ளாமல் இப்படிக் கத்திக்கொண்டிருக்கிறாய்?"

"தலைவர் சாதகமாகப் பரிசீலிக்கிறார், அக்கா. அதற்காகத்தான்."

காகம் கிளையிலிருந்து விழுந்துவிடும் போலச் சிரித்தது.

"அடி அசடே! அது உன் சாதகம் இல்லை. கேட்டது கிடைக்கும் என்று ஆசை காட்டி, போய் வா என்று அனுப்புவதற்குப் பெரிய இடத்தில் சொல்லும் வார்த்தை. நீ மூச்சைப் பிடித்துப் பாடுகிறாயே, மயில் அதை ஒரு நாளாவது காது கொடுத்துக் கேட்டதா?"

வானம்பாடிக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பசி அதிகமாக இருந்தது. நேரே மயிலிடம் போனது.

"ஐயா, தகுதி உள்ளவருக்கு ஒரு பங்கு என்றீர்களே, அதைத் தாருங்கள்."

"உன் குரல் கம்மிப்போயிருக்கிறதே. தகுதிக்கு எங்கே போவது?" என்றது மயில்.

"அப்படியானால் வசதி இல்லாதவருக்கான பங்கைத் தாருங்கள்."

"தலையில் கொண்டை வைத்திருக்கிறாய். கொண்டை உள்ளவரெல்லாம் இல்லாதவரா?"

மயிலின் தலையிலும் கொண்டை இருந்தது. அதுவோ தலைவரின் கொண்டை, அதைப் பற்றிப் பேசக் கூடாது.

"சரி, வேலை செய்கிறேன். அந்தப் பங்கையாவது தாருங்கள்."

மயிலுக்கு முகம் மலர்ந்தது. "இப்படிக் கேள்! நான் உதிர்க்கும் இறகுகளைப் பொறுக்கி அடுக்கு. என் தோகையில் தூசி தட்டு. தினை தந்தவர்கள் எல்லாரும் ஆண்டு விழாவுக்கு வருவார்கள். அவர்கள் முன்னால், இந்தப் பள்ளியின் தினை எவ்வளவு ருசி என்று ஒரு நன்றிப் பாட்டுப் பாடு. விழா முடிந்ததும் பார்க்கலாம்."

ஓணான் தலையை ஆட்டியது.

வானம்பாடி இறகு பொறுக்கியது, தூசி தட்டியது. இத்தனை இழிவையும் பொறுத்துக்கொண்டு அது இருந்தது ஒரே காரணத்துக்காகத்தான். அதற்குப் பாட்டை விட மனம் வரவில்லை.

விழா நாள் வந்தது. யானை, கரடி, மான்கள் எல்லாம் வந்து ஆலமரத்தடியில் உட்கார்ந்தன. மயில் அன்று காலை அவசர அவசரமாகத் தொண்டை முட்டத் தினையை விழுங்கிவிட்டு வந்து நின்றது. விழா முடிந்து பங்கு கொடுக்கும்படி ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

"எங்கள் தினையில் வளர்ந்த மாணவி பாடுவாள்!" என்று அறிவித்தது.

வானம்பாடி வாயைத் திறந்தது. காற்றுதான் வந்தது.

"நன்றிப் பெருக்கு! தொண்டை அடைத்துக்கொண்டது!" என்றது மயில்.

"ஆகா, என்ன உருக்கம்!" என்று கரடி கண்ணைத் துடைத்துக்கொண்டது. மான்கள் விம்மின. பட்டினியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தும் அது பட்டினி என்று ஒன்றுக்கும் தெரியவில்லை. அடுத்த ஆண்டு இரண்டு மடங்கு தினை தருவதாக யானை தும்பிக்கையைத் தூக்கியது.

வானம்பாடி அவர்களைப் பார்த்தது. மயிலைப் பார்த்தது. அதுவரை இல்லாத ஒரு தெளிவு அதற்கு வந்தது.

"பெரியவர்களே, மன்னிக்க வேண்டும்" என்று மெல்லிய குரலில் சொன்னது. "தினையின் ருசியைப் பாடச் சொன்னார்கள். ருசி தெரிந்தவர் பாடினால்தான் பாட்டு எடுபடும். எங்கள் தலைவர் பாடட்டும். அவரைப் போல அந்த ருசி தெரிந்தவர் இந்தப் பள்ளியில் யாரும் இல்லை."

"ஆமாம், தலைவர் பாடட்டும்!" என்று கூட்டம் ஆரவாரம் செய்தது.

மயில் மறுத்திருக்கலாம். ஆனால் ஆண்டு முழுவதும் அது அகவும்போதெல்லாம் ஓணான் தலையாட்டியிருக்கிறதே! தனக்கு நல்ல குரல் என்று அது உண்மையாகவே நம்பிவிட்டது. தோகையை விரித்தது. கழுத்தை நீட்டியது. அடிவயிற்றிலிருந்து ஒரு அகவல் அகவியது.

மான்கள் சிதறி ஓடின. கரடி காதைப் பொத்திக்கொண்டது. அகவலோடு சேர்ந்து, தொண்டை முட்ட அடைத்திருந்த தினையும் யானையின் முன்னால் கொட்டியது.

யானை குனிந்து பார்த்தது. தான் கொண்டுவந்த தினை அதற்குத் தெரியாதா?

"இது மாணவர்களின் பங்கு அல்லவா?"

"இது... ருசி பார்த்தது... பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று..." மயில் திணறியது.

யானை ஓணான் பக்கம் திரும்பியது. "செயலாளரே, பிள்ளைகளின் தினையை இவர்தான் தின்றாரா?"

ஓணான் தலையை ஆட்டியது. மயில் முறைத்தது. பயத்தில் ஓணான் இன்னும் வேகமாக ஆட்டியது.

யானை மயிலைத் தும்பிக்கையால் ஒதுக்கித் தள்ளிவிட்டு, பொந்தில் மிச்சம் இருந்த தினையை வழித்தெடுத்து வானம்பாடியின் முன்னால் வைத்தது. ஓடிய மான்கள் திரும்பி வந்து உட்கார்ந்தன.

வானம்பாடி சாப்பிடத் தொடங்கியது.

கூட்டம் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. கரடிக்குப் பொறுமை போயிற்று. "எவ்வளவு நேரம்? பாட்டுக் கேட்கத்தானே வந்தோம்?"

வானம்பாடி நிமிரவில்லை.

"இத்தனை நாள் நான் காத்திருந்தேன். இப்போது நீங்கள் காத்திருங்கள்" என்று சொல்லிவிட்டு, அடுத்த தினையைக் கொத்தியது.

நீதி: பசியோடு வந்தவரை நல்ல வார்த்தை மட்டும் சொல்லி அனுப்புகிறவர், தம் வயிறு நிறைந்திருப்பதைத்தான் ஊருக்குச் சொல்லிக்கொள்கிறார்.