கரடியின் முத்துப் பல்

விளாமரங்கள் மண்டிய ஒரு காட்டில் கரடி ஒன்று இருந்தது. அதன் பெயர் மொத்தன். தன் பற்களைத் தவிர வேறு எதைப் பற்றியும் அதற்குப் பேசத் தெரியாது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. விளாம்பழம் பழுக்கும் காலத்தில் போட்டி நடக்கும். மூன்று பழங்களின் ஓட்டை யார் முதலில் பல்லால் உடைக்கிறார்களோ, அவர்களுக்கு அந்த ஆண்டு முழுவதும் ஊற்றுக் குகை சொந்தம். கோடையில் ஆறே வறண்டாலும் அந்தக் குகையில் மட்டும் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். மூன்று ஆண்டுகளாக மொத்தன்தான் அங்கே கால் நீட்டிப் படுத்திருந்தது.

அதே காட்டில் மரங்கொத்தி ஒன்று பல் வைத்தியம் பார்த்துவந்தது. ஒவ்வோர் அமாவாசைக் காலையிலும் பட்டுப்போன இலவமரத்தடியில் விலங்குகள் வரிசையாக நிற்கும். மரங்கொத்தி ஒவ்வொரு வாயாக எட்டிப் பார்க்கும். இடுக்கில் சிக்கியதை எடுக்கும். படிந்த காறையைச் சுரண்டும். சின்னக் குழி தெரிந்தால் அதைச் சுத்தம் செய்து, வேங்கைப் பிசின் வைத்து அடைக்கும். போகும்போது மென்று துலக்க ஒரு வேப்பங்குச்சியும் கொடுக்கும். வலி வந்த பிறகுதான் அங்கே போக வேண்டும் என்பதில்லை.

அந்த வரிசையைப் பார்த்தாலே மொத்தனுக்குச் சிரிப்பு.

"ஏ முள்ளி! மாதம் தவறாமல் ஒரு குருவியிடம் வாயைப் பிளந்து காட்டுகிறாயே, வெட்கமாக இல்லை?" என்று ஒரு நாள் முள்ளம்பன்றியைச் சீண்டியது.

"ஒரு சின்னக் குழி இருந்தது, அண்ணே. போன மாதமே அடைத்துவிட்டார்" என்றது முள்ளி.

"என் பல்லில் குழி விழ வேண்டுமானால் இடிதான் விழ வேண்டும்!" என்று மொத்தன் வாய் நிறையச் சிரித்தது.

மரங்கொத்தி கிளையிலிருந்து எட்டிப் பார்த்தது. "கரடியாரே, நீங்கள் சிரித்ததில் தெரிந்தது. வலப்பக்கக் கடைவாய்ப் பல்லில் ஒரு கறுப்புப் புள்ளி. எள்ளளவுதான். உட்கார்ந்தால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம்."

"எனக்கு வலிக்கவே இல்லையே!"

"வலிக்கும்போது அது எள்ளளவாக இருக்காது."

"உன் தொழில் நடக்க என் பல்தான் கிடைத்ததா? போய் மரத்தைக் கொத்து!"

மொத்தன் நேராகத் தேனடைக்குப் போயிற்று. வயிறு முட்டத் தின்றது. வாய்கூடக் கொப்பளிக்காமல் படுத்துக்கொண்டது. தினமும் இதே கதைதான்.

எள் பயறாயிற்று. பயறு புளியங்கொட்டை ஆயிற்று. குளிர்ந்த தண்ணீர் பட்டால் உச்சந்தலை வரை சுரீர் என்றது. உடனே மொத்தன் இடப்பக்கமாகவே மெல்லத் தொடங்கியது. தலையைச் சாய்த்துக்கொண்டு தண்ணீர் குடித்தது. அதைப் பெரிய சாமர்த்தியம் என்றும் நினைத்துக்கொண்டது. அது வாயைத் திறந்தால் ஈக்கள் வந்தன, மற்றவர்கள் போனார்கள்.

போட்டிக்கு முதல் நாள் வாலப்பன் என்ற குரங்கு வந்தது.

"அண்ணே, இந்தப் பல்லோடு போய் நின்றால் காட்டுப்பன்றிகூடச் சிரிக்குமே!"

"அதற்கு என்னடா செய்வது? அந்தக் குருவியிடம் மட்டும் போகச் சொல்லாதே."

"அவர் எதற்கு? நான் இல்லையா? குழியைத் தேன்மெழுகால் அடைத்து, மேலே வெள்ளைக் களிமண் பூசிவிடுகிறேன். பல் முத்து மாதிரி மின்னும். ஒரு தேனடை கொடுத்தால் போதும்."

"குழி போய்விடுமா?"

"வெளியே தெரியாது, அண்ணே!"

மொத்தனுக்கு அந்தப் பதிலே போதுமானதாக இருந்தது.

மறுநாள் மொத்தன் இளித்துக்கொண்டே மைதானத்துக்கு வந்தது. "அடேயப்பா, என்ன வெள்ளை!" என்று மான்கள் வியந்தன. போட்டி தொடங்கியது. மொத்தன் முதல் பழத்தை இடப்பக்கம் வைத்துக் கடித்து உடைத்தது. இரண்டாவதையும் அப்படியே உடைத்தது. முள்ளியோ அப்போதுதான் இரண்டாவது பழத்தைக் கறகறவென்று கொறித்துக்கொண்டிருந்தது.

இன்னும் ஒரே பழம். அதையும் இடப்பக்கம் வைத்திருந்தால் குகை மொத்தனுக்குத்தான். ஆனால் கூட்டம் முழுவதும் வலப்பக்கம் நின்றது. ஒரு தேனடை கொடுத்துப் பூசிய பல்லை யாரும் பார்க்காவிட்டால் எப்படி?

மொத்தன் பழத்தை வலப்பக்கம் தள்ளியது. வாயை நன்றாக விரித்து எல்லாருக்கும் காட்டியது. பிறகு ஓங்கிக் கடித்தது.

'படக்!'

விளாம்பழம் முழுதாகக் கீழே உருண்டது. அதன் பின்னாலேயே பாதிப் பல்லும், ஒரு மெழுகு உருண்டையும் விழுந்தன.

மொத்தன் தாடையைப் பிடித்துக்கொண்டு தரையில் புரண்டது. முள்ளி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மூன்றாவது பழத்தை நிதானமாக உடைத்து முடித்தது. குகை கைமாறியது.

மறுநாள் அமாவாசை. வீங்கிய கன்னத்தோடு மொத்தன் இலவமரத்தடிக்கு வந்தது. அதற்கு முன்னால் வரிசையில் நின்றது யார்? வாலப்பன்!

"டேய், நீயுமா?"

"மாதாமாதம் வருவேன், அண்ணே. என் பல் எனக்கு வேண்டாமா?"

மொத்தனின் முறை வந்தது. மரங்கொத்தி உள்ளே எட்டிப் பார்த்தது. "அன்றைக்குப் பிசினே போதுமானதாக இருந்திருக்கும். இப்போது இதைப் பிடுங்கத்தான் வேண்டும். பக்கத்துப் பல்லிலும் எள்ளளவு தெரிகிறது. அதை இன்றே அடைத்தால் அதுவாவது பிழைக்கும்."

"வலிக்குமா?"

"வலிக்கும்" என்றது மரங்கொத்தி.

ஒரு பறவையிடம் வாயைத் திறக்க வெட்கப்பட்ட மொத்தன், காடே கூடி நின்று பார்க்க வாயைப் பிளந்துகொண்டு அலறியது. அந்த அலறல் ஊற்றுக் குகை வரை கேட்டது. அங்கே வேப்பங்குச்சியை மென்றுகொண்டிருந்த முள்ளி, ஊற்றுத் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டுக் கால் நீட்டிப் படுத்துக்கொண்டது.

நீதி: வலிக்காதபோது பல்லைக் கவனிக்காதவருக்கு, வலிக்கும்போது கவனிக்கப் பல் இருக்காது.