மூன்றாவது கம்பி

எங்கள் பெரியப்பா ஒன்று சொல்வார். வெகுநாள் கழித்து ஒரு வீட்டுக்குத் திரும்பி வருகிறவன், செருப்பை எங்கே விடுவது என்று அங்கே இருப்பவர்களைக் கேட்க வேண்டும், என்கிற மாதிரி. அதற்கு மேலும் ஏதோ உண்டு. மறந்துவிட்டது.

எபநேசர் இங்கிலாந்திலிருந்து திரும்பியபோது அவருக்கு நாற்பத்தொன்பது வயது. பாளையங்கோட்டையில் ஒரு தையல்கடை மாடியில் கிட்டார் வகுப்பில் சேர்ந்தார். சொல்லிக்கொடுத்தவள் ஜெனிஷா. கல்யாண வரவேற்புகளில் வாசிக்கிறவள், வயது முப்பதுகூட இருக்காது. அவர் அவளை மிஸ் என்று கூப்பிட்டார்.

மகளுக்குக் கல்யாணம். ஐந்து வாரம் இருந்தது. வரவேற்பில் எபநேசர் ஒரு பாட்டு வாசிக்க வேண்டும். அதில் ஏ மைனர் செவன்த் என்று ஒரு பிடி வந்தது. அவருக்கு அது மட்டும் வரவில்லை.

"மைனர் பிடிங்க சார்."

மூன்று விரலால் பிடித்தார். சுத்தமாக ஒலித்தது.

"இப்போ செவன்த்."

சுண்டுவிரலை வைக்க இடம் தேடினார்.

"அதை ஏன் சார் இழுத்துட்டு வாறீங்க? வச்சதுல ஒண்ணை எடுக்கணும். மோதிர விரலை மட்டும்."

எடுத்து வாசித்தார். மூன்றாவது கம்பி மட்டும் பலகையைத் தட்டியதுபோல் டொக்கென்றது.

"மூணு வாரமா இதே டொக்குதான் மிஸ். கிட்டார்ல ஏதோ கோளாறு."

"அங்கயிருந்தே கொண்டு வந்ததா?"

"ஆமா. நல்ல கிட்டார்."

"அப்போ கிட்டார்ல இருக்காது."

கீழே தையல் மெஷின் ஓடி நின்றது.

"விரலை எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேனே."

"ஒரு தாள் குடுங்க."

சட்டைப்பையில் மடித்து வைத்திருந்ததைக் கொடுத்தார். அவள் அதை அவருடைய மோதிர விரலுக்கும் கம்பிக்கும் நடுவில் செருகப் பார்த்தாள். போகவில்லை.

"நான் அழுத்தலியே மிஸ்."

"அழுத்தல. தொட்டுட்டு இருக்கீங்க."

திருப்பிக் கொடுக்கும்போதுதான் அது என்ன தாள் என்று பார்த்தாள். கல்யாண அழைப்பிதழ், அச்சுக்குப் போகுமுன் திருத்துவதற்காக வந்த பிரதி. பெண்ணின் தகப்பனார் என்று கில்பர்ட் ஜெயசீலன் பெயர் இருந்தது. அதைச் சிவப்பு மையில் அடித்து, மேலே எபநேசர் என்று எழுதியிருந்தது.

"யாரு சார் அடிச்சது?"

"நான்தான்."

"கில்பர்ட்?"

"அவ அம்மாவோட ரெண்டாவது வீட்டுக்காரர்."

"நீங்க போகும்போது பிள்ளைக்கு என்ன வயசு?"

"அஞ்சு."

"நடுவுல வந்தீங்களா?"

"ரெண்டு தடவை. ஆனா பிறந்தநாளுக்கு, கிறிஸ்துமஸுக்கு போன் பண்ணாம இருந்ததே இல்ல. பார்சல் அனுப்புவேன்."

"காய்ச்சல்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனது?"

எபநேசர் ஜன்னலைப் பார்த்தார். "அவர்தான்."

"பாட்டு வாசிக்கச் சொன்னது மகளா?"

"அவளுக்குத் தெரியாது."

"பேரை மாத்தினது தெரியுமா?"

"சொன்னேன். உங்க இஷ்டம்னு சொன்னா. அதுக்கப்புறம் போனை எடுக்கல." தாளை வாங்கி மடித்தார். "மொத்தக் கல்யாணத்துலயும் எங்கிட்ட விட்டது இந்தக் கார்டு அடிக்கிற வேலை ஒண்ணுதான் மிஸ். இன்னைக்குள்ள பிரஸ்ல சொல்லணும். பெத்தவன் நான் உயிரோட இருக்கேன். என் பேரைக் கேக்குறது தப்பா? நீங்களே சொல்லுங்க."

ஜெனிஷா அவருடைய மோதிர விரலை இரண்டு விரலால் பிடித்து, கம்பியைவிட்டு நன்றாக மேலே தூக்கினாள்.

"வாசிங்க."

வாசித்தார். ஐந்து கம்பியும் ஒலித்தன. மூன்றாவதுதான் கடைசிவரை நின்றது.



"இதை நான் பிடிக்கவே இல்லியே மிஸ்," என்றார் எபநேசர். "பிறகு எப்படி இவ்வளவு சரியா நிக்குது?"

"வேற கை சுருதி சேர்த்து வச்சிருக்கு சார். நீங்க தொடாம இருந்தாப் போதும்."

அன்று சாயங்காலம் எபநேசர் அச்சகத்துக்குப் போன் செய்து, முதலில் இருந்தபடியே அடித்துவிடச் சொன்னார்.