கீரி தப்பாகச் சொன்ன மலைக்கதை

ஒரு காட்டில் ஓநாய்கள் ஆட்சிக்கு வந்தன, பிள்ளைகளே. வந்த கையோடு தலைமை ஓநாய் பாறைமேல் ஏறி நின்று மூக்கால் பேசியது: "மழை ஏன் பெய்யலை தெரியுமா? வளை தோண்டிப் பிழைக்கிறதுகளே, அதுகளாலதான்."

மான்களும் எருமைகளும் தலையாட்டின. மழைக்கும் வளைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த பழி தங்கள்மேல் விழுமோ என்று பயம்.

முயல், எலி, கீரி, அழுங்கு என்று வளையில் வாழ்ந்த பிராணிகளை எல்லாம் ஓநாய்கள் முள்வேலிக்குள் அடைத்தன. கீழே கெட்டிப் பாறை. தோண்டித் தப்ப வழியில்லை. தின்னக் காய்ந்த கிழங்குத் தோல். தினமும் விடிந்ததும் காவல் ஓநாய் வந்து, "எல்லாம் எழுந்து நில்லு" என்று உறுமும். நிற்காத பிராணியை இழுத்துக்கொண்டு போகும். போனது திரும்பியதே இல்லை.

அழுங்கு தெரியுமா? உடம்பெல்லாம் செதில். மனம் விட்டுப்போனால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். அதன் தம்பியை ஓநாய் இழுத்துப்போன அன்று அழுங்கும் சுருண்டது. மறுநாள் கிழக்கு வெளுக்கிறது, இன்னும் பிரியவில்லை.

"அண்ணே, ஓநாய் வரப்போகுது. எழுந்திரு" என்றது எலி.

"எழுந்து?" என்றது பந்து.

முயல் பந்தை உருட்டிப் பார்த்தது. பந்து உருண்டது, அவ்வளவுதான்.

கீரி ஒரு குறும்புக்காரன். எந்தக் குரலையும் அப்படியே பேசிக்காட்டும். அது அழுங்கிடம் கெஞ்சவில்லை. பந்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, "எலித்தம்பி, பொழுது போகலை. மலைக்கதை சொல்லட்டுமா?" என்றது.

மலைக்கதை வளைப் பிராணிகளின் சொத்து. கொடிய சிங்க ராஜாவிடமிருந்து அவற்றின் முன்னோர் மலையைக் குடைந்து தப்பிய கதை. முதல் மழையன்று எல்லாரும் கூடிச் சொல்வார்கள். சொல்பவரை யாரும் மறிக்கலாம், சண்டை பிடிக்கலாம். எத்தனை சண்டையோ அத்தனை சிறப்பு. அதில் பெரிய சண்டைக்காரர் நம் அழுங்குதான். ஒரு சொல் பிசகினாலும் விடாது.

கீரி தொடங்கியது. "நம்ம முன்னோர் ஒரு மணல்மேட்டைக் குடைஞ்சாங்க..."

"மலை" என்றது பந்துக்குள்ளிருந்து ஒரு குரல்.

"ஏதோ கொசு பாடுது" என்றது கீரி. "முன்னால் நின்னு தோண்டினது முயல்."

"நானா?" என்று விழித்தது முயல். கீரி வாலால் ஒரு தட்டுத் தட்டியது. முயலுக்குப் புரிந்துவிட்டது. "ஆமா, எங்க பாட்டனார்தான். பல்லாலேயே தோண்டினார்."

பந்தில் ஒரு கண் தெரிந்தது. "பல்லாலயா? உன் பாட்டன் முள்ளங்கியைத் தாண்டி எதைத் தோண்டினான்? தோண்டினது அழுங்குடா."

கீரி காதில் வாங்கவில்லை. சிங்கத்தின் கர்ஜனையை அடித்தொண்டையில் பேசிக்காட்டிவிட்டு, "பாதி வழியில் எல்லாரும் களைச்சுட்டாங்க. வேற வழியில்லாம, திரும்பிப் போய் ராஜா காலில்..."

அழுங்கு படாரென்று பிரிந்து எழுந்தது.

"யார் திரும்பினது? ஒருத்தர்கூடத் திரும்பலை. முன்னால் போனவர் விழுந்தா பின்னால் வந்தவர் தோண்டினார். எங்கப்பா எனக்குச் சொன்னது. நான் என் தம்பிக்குச்..."

தம்பியை இழுத்துப்போன வழியைப் பார்த்தது. ஆனால் கால் மடங்கவில்லை.

அப்போதுதான் காவல் ஓநாய் உள்ளே வந்தது. அழுங்கை மேலும் கீழும் பார்த்தது. எல்லாம் நின்றுகொண்டிருந்தன. வெறும் வாயோடு திரும்பிப் போனது.

அப்புறம் தினமும் கீரி கதையைக் கெடுத்தது; அழுங்கு எழுந்து நின்று திட்டியது. பக்கத்தில் துவண்டு கிடந்தவர்களும் பஞ்சாயத்துச் சொல்ல எழுந்து வந்தார்கள்.

பனிக்காலம் வந்தது. கீரிக்குக் காய்ச்சல். ஒரு விடியலில் அது மண்ணில் முகம் புதைத்துக் கிடந்தது. "நீங்க நில்லுங்க. என்னால் ஆகாது" என்றது.

அழுங்கு அதன் பக்கத்தில் உட்கார்ந்தது. ஒரு சொல் பிசகினாலும் பொறுக்காத அந்த அழுங்கு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னது:

"எலித்தம்பி, மலையைக் குடைஞ்சப்ப அழுங்கு இருந்தது, முயல் இருந்தது, உங்க ஆளும் இருந்தான். கீரி மட்டும் இல்லை. அந்தக் கதையிலேயே கீரி கிடையாது."

எலி வாயைப் பொத்திக்கொண்டது. வேலிக்கு வெளியே ஓநாயின் காலடி கேட்டது.

கீரி தலையைத் தூக்கியது. ஒரு முன்காலை ஊன்றியது.

"கிடையாதா?" என்றது கம்மிய குரலில். "அப்ப அந்த இருட்டில் அழுத குட்டிகளை, ஒவ்வொரு குரலாப் பேசிச் சிரிக்கவச்சது யாரு? உங்க தாத்தாவா?"

கேட்டுக்கொண்டே எழுந்து நின்றது.

நீதி: சண்டை பிடிக்க ஒரு கதை மிச்சமிருந்தால், எழுந்து நிற்கவும் ஒரு காரணம் மிச்சமிருக்கும்.