மூன்று வால் மவுண்டும் ஒரு வரைபடமும்

“எதைக் காட்டினாலும் வேணாம்ங்கிறா. நான் என்னதாம்மா செய்யறது?”

வாணர் மூன்று அட்டைப் பெட்டிகளையும் குருவின் முன்னால் தொப்பென்று போட்டார்.

முழுப்பெயர் பொன்னம்பலவாணர். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்திரண்டு. எங்கள் குரு மாதங்கியம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனால் கோபத்தில் அவர்தான் மூத்தவர்.

“கத்தாதீங்க. உக்காருங்க. என்ன இது?”

“டி.வி. மாட்டுற வால் மவுண்ட். மூணு விதம்.”

எங்கள் ஆசிரமத்துக்குத் தியானம் கேட்டு வருவார்கள், மோட்சம் கேட்டு வருவார்கள். வால் மவுண்ட் கேட்டு யாரும் வந்ததில்லை. நானும் பக்கத்தில் இருந்த இன்னொரு சீடரும் சிரித்துவிட்டோம். குரு திரும்பி ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு தானாக அடங்கியது.

வாணரின் மனைவி செண்பகவல்லிக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதமாகிறது. பேச்சு போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு சொல், ‘வேணாம்’. பிடிக்காததற்கு அதைச் சொல்வார். பிடித்ததற்குப் பேசாமல் இருப்பார்.

“தினம் ஆறரைக்கு சீரியல்மா. அவளைத் தூக்கி சக்கர நாற்காலியில வெச்சு, ஹாலுக்குத் தள்ளிட்டு வந்து, ரெண்டு பேரும் பார்த்து முடிச்சதும் திரும்பத் தூக்கி… என் இடுப்பு விட்டுப்போச்சு. அதான் அவ ரூமுக்கே புது டி.வி. வாங்கினேன். ஹால்ல எனக்குப் பழசு போதும். இது தப்பா?”

“மேல சொல்லுங்க.”

“முதல்ல, சுவரோட ஒட்டினாப்புல இருக்கிறது. வேணாம்னா. அடுத்தது, கீழ பார்த்துச் சாய்க்கிறது. வேணாம். மூணாவது இது.”

பெட்டியைக் கிழித்து இரும்புக் கையை வெளியே இழுத்தார்.

“எந்தப் பக்கமும் திரும்பும். கிட்ட வரும். தள்ளிப் போகும். இதுக்கும் வேணாம்! நேத்து மத்தியானத்துல இருந்து சோத்தை வாயில வாங்க மாட்டேங்கிறா. வேணும்னே செய்யறா. நாளைக்குக் காலையில டிரில் போட ஆள் வரச் சொல்லிட்டேன். அவ சாப்பிட்டா சாப்பிடட்டும், சாப்பிடாட்டிப் போகட்டும். மாட்டத்தான் போறேன்.”

எனக்கு எழுந்துபோய் அந்த மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. எட்டு மாதமாகத் தூக்கிச் சுமந்தவர் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

குரு இரும்புக் கையை ஒருமுறை நீட்டினார், மடக்கினார்.

“எதை மாட்டணும்னு நான் சொல்லணுமா?”

“ஆமா. நீங்க சொன்னா கேப்பா.”

“ரூமைப் பார்க்காம எப்படிச் சொல்றது?”

இதற்காகவே காத்திருந்தவர்போல வாணர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். அவரே வரைந்த படம். மேலே வடக்கு காட்டும் அம்புக்குறி, ஓரத்தில் அளவு விவரம். கோணல் மாணலாக ஒரு கோடு கிடையாது.

“இது?”

“கட்டில். ஆறேகால் அடி.”

“இது?”

“அவ கண்ணு மட்டம். தலைகாணியோட சேர்த்து அளந்தேன்.”

“இது?”

“டி.வி. கண்ணுல இருந்து ஏழு அடி. ஒரு இன்ச் பிசகாது.”

“நீங்க எங்க?”

வாணருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“அளக்கிறவனை எந்த ஊர்லயாவது படத்துல போடுவாங்களாம்மா? முப்பத்திநாலு வருஷ சர்வீஸ். சங்கிலி போட்டு ஊர் ஊரா அளந்தவன். ஒரு படத்துலகூட நான் கிடையாது. அதான் முறை.”

“இது என்ன புறம்போக்கு நிலமா? உங்க வீடு!” குரு போட்ட சத்தத்தில் வெளியே புறாக்கள் பறந்தன. “போடுங்கய்யா உங்களை!”

ஒரு பென்சில் பறந்து வந்து வாணரின் மடியில் விழுந்தது.

அவர் முறைத்தபடியே அதை எடுத்தார். கட்டிலுக்கு இடப்பக்கம் கொண்டுபோனார். அங்கே மருந்து அலமாரி. வலப்பக்கம் சுவர். கால்மாட்டில் நாற்காலி போட்டால் டி.வி.யை மறைக்கும். பென்சில் அறையை ஒரு சுற்று சுற்றியது. கதவைத் தாண்டியது. தாளின் விளிம்பையும் தாண்டி, ஆசிரமத்தின் சிமென்ட் தரையில் போய் நின்றது.

ஹால் அங்கேதான் இருந்தது.

வாணர் தரையில் விழுந்திருந்த அந்தச் சின்னப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

பிறகு கைபேசியை எடுத்தார். அவருக்குக் காது சற்று மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். வீட்டில் துணைக்கு இருந்த கொழுந்தியாள் எடுத்தாள்.

“அக்கா காதுல வைம்மா.”

வைத்தாள்.

“செண்பகம்… டி.வி. ஹால்லயே இருக்கட்டும். ஆறரைக்கு வந்து தூக்கிட்டுப் போறேன். ரெண்டு பேருமா பார்ப்போம். சரியா?”

மூச்சு விடும் சத்தம் கேட்டது. மின்விசிறி கடகடக்கும் சத்தம் கேட்டது. அந்த ஒரு சொல் வந்துவிடுமோ என்று நாங்கள் எல்லோரும் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம்.

வரவில்லை.

“மணி அஞ்சாகுது!” குரு கத்தினார். “இன்னும் என்ன உக்காந்திருக்கீங்க? இடுப்பு முடியலைன்னா, சிரிச்சாங்களே இந்த ரெண்டு பேர், இவங்களைத் தூக்கக் கூட்டிட்டுப் போங்க.”