டப்பா மூடி

“மாஸ்டர், கேட்டுக்கு அடிக்கிற எனாமலைக் காருக்கு அடிச்சா ஊர் சிரிக்காதா?”

கேட்டவர் சவரிமுத்து. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் பழைய ஆம்னி வேன்தான் அவருக்குச் சோறு. துருப்பிடித்த வண்டி திங்கட்கிழமை முதல் உள்ளே வரக்கூடாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். கார் பெயின்ட் அடிக்க அவருக்கு வசதியில்லை.

பெயின்டர் ரமீஸா வயதில் அவரைவிட மிக இளையவர். ஆனாலும் திண்டுக்கல் பைபாஸில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான்.

பட்டறையின் இரும்புக் கேட்டைக் காட்டினார்.

“இதுல உங்க மூஞ்சி தெரியுதாண்ணே?”

தெரிந்தது. மீசை நரைத்திருந்ததுகூடத் தெரிந்தது.

“எனாமல் அடிச்சு ரெண்டு கோடை பார்த்த கேட்டு.”

“அப்போ எனக்கும் சொல்லிக்கொடுங்க. நானே அடிச்சுக்கிறேன்.”

ரமீஸா உப்புத்தாளை நீட்டினார்.

சவரிமுத்து துருவையெல்லாம் தேய்த்து எடுத்தார். தூசி பறக்காமலிருக்கத் தரையில் தண்ணீர் தெளித்தார். ரமீஸா நீல எனாமலில் டர்பன்டைன் கலந்து, ரோலரால் மெல்லிசாக ஒரு பூச்சு பூசிக் காட்டினார். அதே ரோலரால் பெயின்ட் டப்பாவின் மூடியிலும் ஒரு இழுப்பு இழுத்து, பக்கத்தில் வைத்தார்.

“காஞ்சிருச்சான்னு பார்க்க இதைத் தொடுங்க. வண்டியைத் தொடாதீங்க.”

மூடி வேறு, வண்டி வேறு அல்லவா? சவரிமுத்துவுக்கு மனம் கேட்கவில்லை. பானட்டில் கட்டைவிரலை வைத்தார்.

ரேகை அப்படியே பதிந்தது.

ரமீஸா குனிந்து பார்த்தார்.

“ரேஷன் கடையில வைக்க வேண்டியதை இங்க வச்சுட்டீங்க.”

உப்புத்தாளை நீட்டினார்.

மறுநாள் புதுப் பூச்சு. இந்த முறை கதவின் ஓரம். சுண்டுவிரல்தான்.

“சும்மா லேசாத்தான் மாஸ்டர்...”

“இன்னும் எட்டு விரல் மிச்சம் இருக்குண்ணே.”

மறுபடி உப்புத்தாள்.

சனிக்கிழமை கடைசிப் பூச்சு. இதுவும் கெட்டால், திங்கட்கிழமை வண்டி வீட்டு வாசலில்தான் நிற்கும்.

ஞாயிறு மதியம் சவரிமுத்து ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு வண்டிக்கு எதிரே உட்கார்ந்தார். கைகளை அக்குளில் செருகிக்கொண்டார்.

தன் வண்டி இவ்வளவு அழகாக இருந்து அவர் பார்த்ததில்லை. மேலே ஒரு காக்கை பறந்தது. அதன் நிழல் பானட்டில் நீந்திப் போனது.

கை தானாக எழுந்தது. பாதி வழி போனது. திரும்பி வந்து அக்குளுக்குள் நுழைந்துகொண்டது.

வெயில் சாயும்போது ரமீஸா வந்தார்.

“காஞ்சிருச்சாண்ணே?”

“மூடி காஞ்சிருச்சு மாஸ்டர்.”

“வண்டி?”

“தெரியலையே. நான் தொடல.”

ரமீஸா சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“அப்போ காஞ்சிருக்கும்.”