பரவாயில்லை

குருவுக்கு வயது நாற்பது. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. தாடியும் கிடையாது, ஆசிரமமும் கிடையாது. பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீடு, அதன் கீழே இரண்டு அறை, வாசலில் 'மனநல ஆலோசனை மையம்' என்று ஒரு பலகை. அவ்வளவுதான் மடம்.

குருவின் பெயர் ஆபிதா. மனசு ஒடிந்து வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசியே கரையேற்றிவிடுவார் என்று ஊரில் பேர். சீடர் தங்கையா சார், ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் இந்தப் படிப்பைப் படித்துவிட்டு, தொழில் பழக ஆபிதாவிடம் வந்து சேர்ந்தார். தங்கமான மனுஷன். பையன்கள் பாஸ் பண்ணினால் தானே பாஸ் பண்ணியதுபோல் பூரித்துப்போகிற ரகம்.

அந்த நல்ல மனுஷனுக்கும் ஒரு குறை இருந்தது. மனச்சோர்வு என்று வருகிறவர்கள் அவரிடம் நிலைப்பதில்லை. நன்றாகத்தான் பேசுவார்கள், தேவலை என்றும் சொல்வார்கள். அப்புறம் ஒரு வாரம் வர மாட்டார்கள், பிறகு வரவே மாட்டார்கள். போன் போட்டால் எடுப்பதில்லை. ஒரு காலேஜ் பையன் அப்படி நின்றுபோனான். ஒரு பஸ் கண்டக்டரும் நின்றுபோனார். சாருக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏன் மேடம் எல்லாரும் பாதியிலேயே நின்னுருதாங்க?" என்று ஒருநாள் கேட்டே விட்டார்.

ஆபிதா அவர் நொண்டி நொண்டி வந்து உட்கார்ந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முட்டி வலியா சார்?"

"அது கெடக்கு மேடம். வயசாச்சுல்லா."

கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. மறுநாள் ஒரு பாட்டில் தைலம்தான் வந்தது. நொச்சி இலை பறித்துத் தானே காய்ச்சியதாகச் சொல்லி, எப்படித் தேய்க்க வேண்டும் என்றும் செய்து காட்டினார் ஆபிதா. சாருக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. குரு கையால் தைலம் வாங்கும் சீடர்கள் எத்தனை பேர்?

தேய்த்தார். வலி அசையவில்லை. காலையில் ஆபிதா முகமெல்லாம் சிரிப்பாக எதிரே வந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"பரவாயில்லை மேடம்."

"பாத்தீங்களா! எனக்குத் தெரியும் சார்!" என்று அவர் கையைத் தட்டி மகிழ்ந்த மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டுமே. அதற்குப் பிறகு யாரால் வாயைத் திறந்து வலிக்கிறது என்று சொல்ல முடியும்? தினமும் கேட்டார். தினமும் பரவாயில்லை. கேட்கும்போது இரண்டு எட்டு நன்றாக வேறு நடந்து காட்ட வேண்டியிருந்தது, அது தனி வேதனை. ஒரு வாரம் தாங்கினார் சார். அப்புறம் ஆபிதாவின் ஸ்கூட்டர் வாசலில் நின்றால், சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகத் தன் அறைக்குப் போக ஆரம்பித்தார்.

அந்த நாட்களில் சார் நம்பிக்கை வைத்திருந்தது தன்னிடம் வாராவாரம் வந்துகொண்டிருந்த இசக்கியம்மாள் மேல். முப்பது வயசு, தையல்காரி. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு எதற்குப் பற்றவைத்தோம் என்று தெரியாமல் நிற்கிறவள். தையல் மிஷின்மேல் தூசி படிந்து கிடந்தது. விடிந்தால் ஏன் விடிந்தது என்று இருக்கிறது சார் என்று ஒருமுறை சொன்னாள். அன்று ராத்திரி சார் தூங்கவில்லை. இவளை எப்படியாவது எழுப்பி நிறுத்திவிட வேண்டும் என்று ஜெபமே பண்ணினார்.

ஒவ்வொரு முறையும் ஆவலாகக் கேட்பார், இந்த வாரம் எப்படிம்மா என்று. தலையைக் குனிந்துகொண்டே, "பரவாயில்லை சார்" என்பாள். சாருக்கு முகம் மலர்ந்துவிடும். "சபாஷ்! நான் சொன்னேம்லா!" என்பார். அவளும் கொஞ்சம் சிரித்து வைப்பாள். போகும்போது "வாரேன் சார்" என்று சொல்லித்தான் போவாள்.

ஒருநாள் அவள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அவளுடைய அக்காதான் வந்தாள். தங்கச்சி டாக்டர் கொடுத்த மாத்திரையையும் நிறுத்திவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறாளாம். அக்காதான் பயந்துபோய், ராவும் பகலும் பக்கத்தை விட்டு நகராமல் இருக்கிறாளாம். இப்போது அம்மாவைத் துணைக்கு உட்காரவைத்துவிட்டு ஓடி வந்திருக்கிறாள்.

"சார் எனக்காக ரொம்ப மெனக்கெட்டுட்டாவ, இனிமே வேண்டாம், பரவாயில்லைன்னு சொல்லச் சொன்னா சார்" என்றாள் அக்கா.

தங்கையா சார் பின்வாசலெல்லாம் மறந்துபோய் நேரே ஆபிதாவின் அறைக்குள் போய் நின்றார். ஆபிதா முதலில் மாத்திரை எழுதிய டாக்டருக்குப் போன் போட்டு விவரம் சொன்னார், இன்றே வந்து பார்க்க ஏற்பாடு செய்தார், அக்காவை வீட்டுக்கு அனுப்பினார். அதன் பிறகுதான் சாரை உட்காரச் சொன்னார்.

"தேறிட்டு வந்தா மேடம். அவ வாயாலேயே சொன்னா. நான் என்ன தப்பு பண்ணினேன்?" சாரின் கண் கலங்கியிருந்தது.

"முட்டி எப்படி சார் இருக்கு?"

இந்த நேரத்தில் இது என்ன கேள்வி என்று சாருக்குக் கோபமே வந்துவிட்டது. "வலிக்கு மேடம். ஒரு பொட்டு குறையல. முதல் நாள்லேருந்தே குறையல."

"ஏன் சார் எங்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்ல? நீங்க அவ்வளவு ஆசையா கேக்கீங்க. பரவாயில்லைன்னா சந்தோஷப்படுதீங்க. உங்க முகம் வாடிரக் கூடாதேன்னுதான்…"

"அதான் பின்வாசலா?"

  "பரவாயில்லை மேடம்… பரவாயில்லை சார்…" என்று சார் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். வெளியே பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் கத்திக்கொண்டு போனார்கள்.

பிறகு மெதுவாகச் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். இசக்கியம்மாளின் நம்பரைத் தேடி வைத்துக்கொண்டு, அழுத்தாமல் நிமிர்ந்து பார்த்தார்.

"அவ எடுத்தா நான் என்ன மேடம் சொல்ல?"

ஆபிதா சொன்னார்:

"எனக்கு முட்டி இன்னும் வலிக்குதும்மான்னு சொல்லுங்க சார்."